மணலில் தொடங்கிப் பாட்டில் முடியும் பாடம்



உங்கள் பிள்ளையின் தமிழ்க் கொப்பியை இன்று மாலை ஒருமுறை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். ‘இயற்கை’ என்னும் தலைப்பில் பிள்ளை எழுதிய கவிதை ஒன்று அதில் இருக்கக்கூடும். அதில் மலை நிற்கும், அருவி விழும், மயில் ஆடும், நீலக் கடல் அலை வீசும். ஆசிரியரும் ‘நன்று’ என்று எழுதிப் பத்துக்கு எட்டுப் புள்ளி போட்டிருப்பார். நல்லது. ஆனால் ஒரு கேள்வி. முந்தலில் மலை எங்கே நிற்கிறது? அருவி எங்கே விழுகிறது?

புத்தளம் வீதியில் வந்து முந்தலில் இறங்குகிறவன் காண்பது வேறு காட்சி. ஒரு பக்கம் தென்னந்தோட்டம். மறுபக்கம் ஆழம் குறைந்த களப்பு. அந்தக் களப்பை வடக்கே புத்தளம் களப்போடும் தெற்கே சிலாபத்தோடும் இணைக்கும் ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய். அப்பால் உடப்புக் கரை, மணல், கரைவலை, பெருங்கடல். மழைக்காலத்தில் களப்பு நிரம்பும். கோடையில் வற்றி, ஓரமெங்கும் உப்புப் பூத்துக் கிடக்கும். இவ்வளவையும் நாள்தோறும் கண்ணால் காணும் பிள்ளை, கவிதை என்று வந்தவுடன் காணாத மலையைத் தேடிப் போவது ஏன்?

தன் ஊர் பாட்டுக்கு உரிய பொருள் ஆகாது என்று யாரோ அதற்குச் சொல்லாமல் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அந்த யாரோ பெரும்பாலும் நாமே. இந்தப் பிழையைத் திருத்துவதற்கு ஓர் எளிய வழியை இக்கட்டுரையில் உங்கள் முன் வைக்கிறோம். அதற்கு வேண்டிய முதற்பொருள் காலடியிலேயே கிடக்கிறது. அதுதான் மணல்.

மணலில் எழுதிய நம் முன்னோர்

மணலில் எழுதுவது நமக்குப் புதிதல்ல. தாளும் பலகையும் அரிதாயிருந்த நாளில் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் நிலத்தில் மணலைப் பரப்பி, விரலால் அகரம் எழுதிப் படித்தார்கள். எழுதியதைக் கையால் தடவினால் பலகை மீண்டும் புதிது. செலவு ஒரு சதமும் இல்லை.

இந்த முறை கடல் கடந்து போன கதையைப் பலர் அறியார். 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கியது. அதனை மேற்பார்த்தவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த அண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு. ஒருநாள் அவ்வழியே சென்றபோது, ‘மலபார்ப் பள்ளி’ ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரைப் பெரும்பாலும் மலபாரிகள் என்றே அழைத்தனர். பெல் அதைத் தம் இல்லத்தில் செய்து பார்க்க விரும்பினார். வளர்ந்த உதவி ஆசிரியர்கள் அதனை மனம் ஒப்பிச் செய்யவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் சிறிய வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் மணலை வைத்தே கற்பித்து வெற்றி கண்டான். 1797ஆம் ஆண்டு இலண்டனில் இந்த அனுபவத்தைப் பெல் நூலாக வெளியிட்டார். அதன்பின் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைகளிலும் மணல் தட்டு இடம்பெற்றது. தமிழ்ப் பிள்ளையின் மணல் உலகுக்கே ஒரு பாடம் சொன்னது!

எழுத்துக்கு மட்டுமா மணல்? நம் பழம் பாட்டிலும் மணல் நிறைந்து கிடக்கிறது. சங்க இலக்கியத்தின் நெய்தல் நிலத்துச் சிறுமியர் கடற்கரை மணலில் சிறுவீடு கட்டி, பாவை செய்து விளையாடுவர். அந்தச் சிறுவீட்டுக்குச் சிற்றில் என்று பெயர். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழில் சிற்றிலுக்கென்றே ஒரு பருவம் வகுத்தார்கள். பிரிந்தவர் வருவாரோ மாட்டாரோ என்று அறியக் கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் வரைவதும் ஒரு வழக்கம். கோட்டின் இரு முனையும் கூடினால் அவர் வருவார். இதனைக் ‘கூடல் இழைத்தல்’ என்றனர். ஆண்டாள் அதை வைத்து ஒரு திருமொழியே பாடினாள். மணலில் வரைவதும் அதையொட்டிப் பாட்டு எழுவதும் தமிழில் உடன்பிறந்தவை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நற்செய்தியை வாசிக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு காட்சியும் நினைவில் எழும். யோவான் நற்செய்தி 8ஆம் அதிகாரத்தில், குற்றம் சாட்டப்பட்ட பெண்ணைச் சூழ்ந்து கூட்டம் நிற்கும்போது, ஆண்டவர் குனிந்து விரலால் தரையில் எழுதுகிறார். என்ன எழுதினார் என்று நற்செய்தியாளர் கூறவில்லை. ஆனால் அந்த நேரத்தில் கூட்டத்தின் ஆரவாரம் சற்று அடங்கியிருக்க வேண்டும் அல்லவா? தரையில் எழுதும் விரல் பார்ப்பவரை நிதானிக்கச் செய்யும். நம் பாடத்துக்கு வேண்டியதும் அந்த நிதானமே.

தொல்காப்பியர் தரும் பாடத்திட்டம்

இயற்கையைப் பாட்டாக்கும் முறையைத் தொல்காப்பியர் மூன்று சொல்லில் அடக்கினார்: முதல், கரு, உரி. இதைப் பரீட்சைக்காக மனனம் செய்து மறந்தவர்கள் நம்மில் பலர். மணலை வைத்துப் பார்த்தால் அது எளிதில் விளங்கும்.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். மணல் படத்தில் இது அடித்தளம். கரையா, களப்பா, தோட்டமா? விடியலா, உச்சி வெயிலா, மாலையா? பிள்ளை முதலில் தூவும் மணல் இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிடும்.

கருப்பொருள் என்பது அந்நிலத்தில் வாழும் பறவை, மரம், பூ, மீன், மக்கள் செய்யும் தொழில். கொக்கு, கண்டல் மரம், அடம்பன் பூ, தோணி, வலை, உப்புக் குவியல். இவை அடித்தளத்தின்மேல் வேறு நிற மணலால் எழும்.

உரிப்பொருள் என்பது மனத்தில் எழும் உணர்வு. இதற்கு மணல் கிடையாது. இதைச் சொல்லால்தான் தர வேண்டும். நெய்தலுக்கு உரிய உணர்வு இரங்கல் என்றும், உரிய நேரம் பொழுது சாயும் வேளை என்றும் இலக்கணம் வகுத்தது. போனவர் திரும்பி வரும்வரை கரையில் காத்திருப்பவரின் துயரம் அது. அகநானூற்றின் 400 பாட்டுக்களில் 10, 20, 30 என்று பத்துப் பத்தாக வரும் இலக்கமுள்ள 40 பாட்டுக்களும் நெய்தலுக்கே ஒதுக்கப்பட்டன. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய 100 பாட்டுக்களும் நெய்தலே. கடற்கரை பாட்டுக்கு உரிய பொருளல்ல என்று இனி யார் சொல்ல முடியும்?

ஆகவே நம் பாடத்தின் ஒழுங்கு இதுவே: கை நிலத்தை இடட்டும்; கண் அதில் வாழ்வதைத் தேடி வைக்கட்டும்; அதன்பின் வாய் திறக்கட்டும். நாமோ வழக்கமாகத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் உணர்வைக் கேட்கிறோம். ‘கடலைப் பற்றி உன் மனத்தில் தோன்றுவதை எழுது’ என்கிறோம். பிள்ளைக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றாது. தோன்றாததால் பழைய கொப்பியைத் தேடும்.

மணலுக்கு நிறம் எங்கிருந்து வந்தது?

சாயம் போட்ட மணலைக் கடையில் வாங்குவதற்கு முன், மணலுக்கு இயல்பாகவே நிறம் உண்டு என்பதைப் பிள்ளைகள் காண வேண்டும். வெள்ளையாய் மின்னுவது பெரும்பாலும் படிகக்கல்லின் துகள். சிப்பி, சங்கு உடைந்த துகளும் அதில் கலந்திருக்கும். மஞ்சளும் பழுப்பும் அந்தத் துகளின்மேல் இரும்புத் துரு படிந்ததால் வந்தவை. கறுப்பு மணலில் இல்மனைட் முதலிய கனியங்கள் உண்டு. இளஞ்சிவப்பு மணல் பெரும்பாலும் கார்னெட்.

அலை அடித்த பிறகு சில இடங்களில் கறுப்புக் கோடு ஒன்று கரையில் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒரே அளவான படிகத் துகளைவிட இல்மனைட் துகள் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு பாரமானது. திரும்பும் அலை இலேசான வெள்ளைத் துகளை இழுத்துச் செல்ல, பாரமான கறுப்புத் துகள் பின்தங்கிவிடுகிறது. கிழக்குக் கரையில் புல்மோட்டை மணல் இந்தக் கனியங்களுக்கே பெயர் பெற்றது. நம் மாவட்டத்தின் தெற்கே நாத்தாண்டியாப் பக்கத்து வெள்ளை மணல் கண்ணாடி செய்ய உதவுவது. வடக்கே அருவக்காட்டில் சுண்ணாம்புக்கல்லின்மேல் செம்மண் படிந்து கிடக்கிறது. ஒரே கரையோரத்தில் எத்தனை நிறங்கள்!

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் அண்ட்ரூ கிளெமென்ஸ் (1857–1894) என்றொருவர் வாழ்ந்தார். சிறு வயதில் நோயுற்றுக் காது கேளாதவரானவர். ஊருக்கு அருகிலிருந்த பாறைகளிலிருந்து இயல்பான நிற மணலைச் சேகரித்து, கண்ணாடிப் புட்டிக்குள் மெல்லிய குச்சிகளால் துகள் துகளாக அடுக்கி, பூவும் பறவையும் கப்பலும் செய்தார். பசை இல்லை, சாயம் இல்லை, பொறுமை ஒன்றே முதல். வகுப்பில் வாய் திறவாத பிள்ளை ஒன்று உங்களிடம் இருந்தால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள். பேசாத பிள்ளை பார்க்காத பிள்ளை என்று எண்ணிவிடக் கூடாது.

நான்கு பாடவேளைகள்

இனிச் செய்முறைக்கு வருவோம். தரம் 5 முதல் 8 வரையுள்ள பிள்ளைகளுக்கு இது ஏற்றது. தமிழ் ஆசிரியரும் சித்திர ஆசிரியரும் கூடிச் செய்தால் இன்னும் சிறப்பு.

முதலாம் வேளை: பார்ப்பது. பிள்ளைகளைக் களப்போரத்துக்கோ, முடியாவிட்டால் பாடசாலை வளவுக்குள்ளேயோ அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரேயொரு பொருளைத் தெரிந்தெடுத்துப் பத்து நிமிடம் அதையே பார்க்கட்டும். பேச்சு வேண்டாம். திரும்பும்போது ஒரு வெறும் நெருப்புப்பெட்டி அளவு மணல் மட்டும் கொண்டு வரட்டும். அதற்கு மேல் வேண்டாம். கரை மணலை அள்ளுவது கரையை அரிக்கும்; 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதைக் கட்டுப்படுத்துகிறது. இந்த ஒழுங்கே பிள்ளைக்கு ஒரு பாடம். கூடுதல் மணல் தேவைப்பட்டால், வீடு கட்டும் இடத்தில் சிந்திக் கிடப்பதைக் கேட்டு வாங்கலாம்.

இரண்டாம் வேளை: பதப்படுத்துவது. கரை மணலில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, வெயிலில் காயவைத்து, மா அரிதட்டால் அரிக்க வேண்டும். கழுவாத மணல் ஈரத்தை இழுத்துப் படத்தைக் கெடுக்கும். வேறு நிறம் வேண்டுமானால் குசினிக்குப் போங்கள். மஞ்சள் தூள் மஞ்சளைத் தரும். தேயிலைச் சாயத்தில் ஊறிய மணல் பழுப்பாகும். கரித்தூள் சாம்பல் நிறமும் செங்கல் தூள் செந்நிறமும் தரும். பச்சைக்குக் கோலப்பொடி சிறிது சேர்க்கலாம். தூளைக் கலக்கும்போது மணல் ஈரமாகவே இருக்கட்டும். மூக்கில் தூசி ஏறாது. கண்ணைக் கசக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மூன்றாம் வேளை: இடுவது. கொப்பி அளவான காட்போட் மட்டையில் பென்சிலால் கோடு மட்டும் போடட்டும். கோதுமை மாவைக் காய்ச்சிய பசை போதும். மட்டை முழுவதும் ஒரேயடியாகப் பசை பூசினால் நிறங்கள் கலந்துவிடும். ஒரு பகுதிக்குப் பூசி, அதற்குரிய மணலைத் தூவி, சற்று நேரம் விட்டு, மட்டையைச் சாய்த்துத் தட்டி, மிஞ்சிய மணலைத் தாளில் ஏந்தித் திரும்பப் பெட்டியில் போட வேண்டும். பிறகுதான் அடுத்த பகுதி. மேலிருந்து கீழ்நோக்கி வந்தால் கை பட்டு அழியாது.

இந்த இடத்தில் ஒரு பிள்ளை எழுந்து, ‘நீல மணல் இல்லையே, கடலுக்கு என்ன செய்வது?’ என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகக் காத்திருங்கள். நம் கரையில் நீல மணல் கிடையாது. உடனே நீலச் சாயத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள். ‘நேற்று நீ பார்த்தபோது களப்பு என்ன நிறமாக இருந்தது?’ என்று திரும்பக் கேளுங்கள். பிள்ளை யோசிக்கும். நீலம் என்று சொல்ல வாய் வரும்; ஆனால் கண் ஒப்பாது. விடியலில் அது ஈயம்போல இருந்தது. உச்சியில் கண் கூசும் வெள்ளை. மழைக்குப்பின் தேத்தண்ணீர் நிறம். பொழுது சாயும்போது செம்பு. தன் பெட்டியில் உள்ள மணலில் அந்த நிறம் இருக்கிறது என்று பிள்ளை தானே கண்டுகொள்ளும். அந்த நொடியில் கொப்பியிலுள்ள ‘நீலக் கடல்’ உடைந்துபோகும். பாடத்தின் உயிர் அந்த நொடிதான்.

நான்காம் வேளை: சொல்வது. படத்தை முன்னால் வைத்துக்கொண்டு பிள்ளை முதலில் வாயால் சொல்லட்டும். மூன்று கேள்வி போதும்: இது எந்த நேரம்? அங்கே இருப்பது யார், அல்லது எது? அது என்ன செய்கிறது? சொன்னதை அப்படியே நான்கு அல்லது ஆறு வரியில் எழுதட்டும். எதுகை மோனை தானாக வந்தால் வரட்டும். இழுத்து வர வேண்டாம். ‘அழகு, இனிமை, அற்புதம், இயற்கை அன்னை’ என்னும் நான்கையும் அன்றைக்கு மட்டும் பெட்டியில் பூட்டி வையுங்கள். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தடவிப் பார்த்து, எதை எடுத்தாலும் பாட்டு நிற்குமோ அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

உதாரணமாக, ஒரு பிள்ளை முன்பு எழுதியது இப்படி இருந்ததென்று வைத்துக்கொள்வோம்:

அழகிய கடலே, அலைவீசும் கடலே,
இன்பம் தரும் இயற்கை அன்னையே!

களப்பைப் பார்த்து, உப்பு வெள்ளையும் பழுப்பும் தூவி, கரித்தூளால் ஒரு கொக்கை நிறுத்திய பிறகு அதே பிள்ளை இப்படி எழுதக்கூடும்:

களப்பு வற்றிவிட்டது.
உப்பு மட்டும் மினுங்குது.
கொக்கு போகவில்லை.
ஒற்றைக் காலில் நிற்குது,
தண்ணீர் வரும் என்று.

முதற்பாட்டில் இன்பம் என்ற சொல் இருக்கிறது, இன்பம் இல்லை. இரண்டாம் பாட்டில் காத்திருத்தல் என்ற சொல் இல்லை, காத்திருத்தல் இருக்கிறது. இதுதான் உரிப்பொருள். இலக்கணம் படிக்காமலே பிள்ளை இலக்கணத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

ஆசிரியருக்கு ஓர் எச்சரிக்கை

நெய்தலின் உணர்வு இரங்கல் என்றோம். முந்தல் பக்கத்துப் பிள்ளைக்கு அது புத்தகச் சொல் மட்டுமன்று. சோளகக் காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது இக்கரையோர மீனவர் பலர் வாடி அமைத்துத் தொழில் செய்யக் கிழக்குக் கரைக்குப் போவதுண்டு. குடும்பச் சுமையைத் தூக்கத் தாய்மார் பலர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள். 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல இம்மாவட்டத்தில்தான் வந்து குடியேறின. கரையில் நின்று காத்திருப்பது இங்கே பல வீடுகளின் கதை.

ஆகவே மணல் படத்தில் ஒரு பிள்ளை வெறும் கரையை மட்டும் இட்டுவிட்டு, தோணியை வைக்காமல் விட்டுவிடலாம். ‘தோணி எங்கே? படம் முடியவில்லையே’ என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வெறுமையே அதன் பாட்டாக இருக்கலாம். துருவித் துருவிக் கேட்க வேண்டாம். எல்லோர் முன்னும் வாசிக்கும்படி கட்டாயப்படுத்த வேண்டாம். அந்தத் தாளில் சிவப்பு மையால் எழுத்துப் பிழையைச் சுழிக்கவும் வேண்டாம். இன்னொரு நாள் வேறிடத்தில் திருத்தலாம். பிள்ளை விரும்பினால் உங்களிடம் மட்டும் வாசித்துக் காட்டட்டும். கேட்டுவிட்டு, ‘நீ பார்த்ததை நானும் பார்த்தேன்’ என்று ஒரு சொல் சொல்லுங்கள். அதற்கு மேல் புள்ளி எதற்கு?

சொற்கள் அழியாதிருக்க

இந்தப் பாடத்தை நாம் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? ஒரு காரணம் உண்டு. நீர்கொழும்பிலிருந்து புத்தளம் வரை நீளும் இந்தக் கரையோரத்தில் ஒரு காலத்தில் தமிழ் பரவலாக வழங்கியது. கத்தோலிக்க மீனவக் குடும்பங்களிலும் அது வீட்டு மொழியாயிருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அவர்களுள் பெரும்பாலோர் சிங்களத்தைத் தம் மொழியாக்கிக் கொண்டனர். அவர்கள் நம் சகோதரர். அவர்கள் மொழி அவர்களுக்குச் சிறப்பு. ஆனால் ஒரு மொழி கரையை விட்டுப் போகும்போது அதனோடு கரையின் சொற்களும் போய்விடுகின்றன என்பதை நாம் கண்டிருக்கிறோம். உடப்பும் முந்தலும் போன்ற சில ஊர்களில் அச்சொற்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. உடப்பில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு அதற்கு ஒரு சாட்சி.

சங்கப் புலவர் ‘அடும்பு’ என்று பாடிய கொடியை நம் பாட்டிமார் ‘அடம்பன்’ என்கிறார்கள். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று பழமொழியும் சொல்கிறார்கள். சங்கப் பாட்டின் வாடை இன்றும் இங்கே வாடைக்காற்றுத்தான். புன்னையும் தாழையும் பெயர் மாறவில்லை. இரண்டாயிரம் ஆண்டுச் செல்வம் பிள்ளையின் நாவிலேயே இருக்கிறது. ஆனால் தன் பாட்டில் அதை எழுதலாம் என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. எழுதப்படாத சொல் ஒரு தலைமுறையில் மங்கிப்போகும். இரண்டாம் தலைமுறையில் இல்லாமலே போகும்.

கரையும் அப்படியே. 1980களிலும் 1990களிலும் இக்களப்போரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. அதற்காகக் கண்டல் மரங்கள் பல இடங்களில் வெட்டப்பட்டன. 1996ஆம் ஆண்டு வெண்புள்ளி நோய் பரவியபோது பல பண்ணைகள் கைவிடப்பட்டன. பண்ணையும் போயிற்று, கண்டலும் திரும்பவில்லை. கண்டல் என்ற சொல்லை அறியாத பிள்ளை, கண்டல் போனதை எவ்வாறு அறியும்? ஒன்றுக்குப் பெயர் தெரிந்தவனே அது காணாமற்போகும்போது தேடுவான்.

வீட்டில் செய்ய

பாடசாலையில் இப்பாடம் நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெற்றோரே, ஒரு ஞாயிறு மாலை வீட்டிலேயே செய்து பாருங்கள். பழைய தட்டம் ஒன்றில் இரண்டு சிறங்கை மணலைப் பரப்புங்கள். பசை வேண்டாம், விரல் போதும். பிள்ளை வரையட்டும். பாட்டனோ பாட்டியோ அருகில் இருந்தால், வரைந்த பொருளின் பெயரை அவர்களிடம் கேளுங்கள். பிறகு கீழ்க்காணும் கேள்விகளைக் குடும்பமாகச் சிந்தியுங்கள்:

1. நம் வீட்டிலிருந்து பார்க்கும்போது காலையில், உச்சியில், மாலையில் தண்ணீர் என்ன நிறம்? ‘நீலம்’ என்று சொல்லாமல் விடை கூறுங்கள்.

2. பாட்டனுக்குத் தெரிந்து, பிள்ளைக்குத் தெரியாத கரைச்சொற்கள் ஐந்து எவை? காற்று, மீன், வலை, மரம், பூ என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று தேடுங்கள்.

3. முன்பு இருந்து இப்போது கரையில் இல்லாத ஒன்று எது?

4. நம் வீட்டில் யார் யாருக்காகக் காத்திருந்தார்கள்? அந்த நேரத்தில் வெளியே என்ன தெரிந்தது, என்ன கேட்டது?

நான்காம் கேள்விக்கான விடையைப் பிள்ளை நான்கு வரியில் எழுதினால் அதை எடுத்து வையுங்கள். அதுவே முந்தலின் நெய்தற் பாட்டு.

கடைசியாக ஒன்று. தட்டத்து மணலை அப்படியே விட்டுவிடாமல், பிள்ளையின் கையாலேயே தடவி அழிக்கச் சொல்லுங்கள். சாயம் கலக்காத மணலை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போடட்டும். படம் அழிந்தது என்று பிள்ளை வருந்தினால், அது எழுதிய நான்கு வரியைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கும்போது அழிந்த படம் மீண்டும் கண்முன் வரும். சொல் எதற்கு என்று பிள்ளை அன்று அறிந்துகொள்ளும்.